பெட்டியின் பக்கவாட்டில்

ஜூலை முதல் தேதி கழுத்தில் பட்டை போட்டார்கள்.
முன்னாள் தலைவர்கள் பித்தளைத் தகடுகளாய்த் தொங்கும் பட்டை.
கேசரி, வடை, மூன்று வாழ்த்துரை.
நூற்றுச் சொச்சம் நாடுகளில் இருக்கிறதாம் சங்கம்.
எனக்குக் கைமாறியது ஒரு மணி, ஒரு மரச்சுத்தியல்,
ஒரு சாவிக்கொத்து.
"பெரிய சாவி பெட்டிக்கு" என்றார் பழைய தலைவர்
கைதட்டலுக்குள், காதருகில்.
"ராத்திரி போனை அணைச்சுடாதீங்க."

இம்பீரியல் சாலையில் பெயிண்ட் கடை எனக்கு.
வண்ண அட்டை விரித்து நாளெல்லாம் பேசுவேன்.
அதிகாலை இரண்டு மணிக்கு, அழுகிற குரலிடம்
"வீட்ல பெரிய பிளக் பாயிண்ட் இருக்குங்களா?"
என்று எப்படிக் கேட்பது?
விழுப்புரத்தில் இரண்டு நாள் தலைமைப் பயிற்சியில்
பையும் பேனாவும்தான் தந்தார்கள்.

பெட்டிக்குப் பாதிப் பணம் நார்வேயிலிருந்து,
வாயில் நுழையாத பெயருள்ள ஊரின் கிளைச் சங்கம் தந்தது.
அதற்கு முன் ஏழு மாதம் கடிதங்கள்.
குளிரூட்ட ஒரு பெட்டியா, அதுவும் இறந்தவர்க்கா,
இதனால் எத்தனை பேர் வாழ்க்கை மாறும்
என்று கேட்டிருந்தார்கள்.
பாதி வருடம் பனியில் கிடக்கும் ஊர். நியாயமான கேள்வி.
செயலாளர் தில்லைநாயகி வங்கிக்காரர், சுருக்கமாய் எழுதுவார்:
"இங்கே மே மாதம். மகன் ஷார்ஜாவில்."
பணம் வந்துவிட்டது.

டிசம்பர்ப் புயலில் கம்பங்கள் சாய்ந்த மூன்றாம் நாள்
சொத்திக்குப்பத்திலிருந்து அழைப்பு.
சாலை அறுந்திருந்தது. உப்பனாற்றில் படகு.
ஜெனரேட்டர் இருதயராஜ் பொறுப்பு,
மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர்,
கூட்டங்களில் வாய் திறக்காதவர்.
லுங்கியை மடித்துக் கட்டி முதலில் ஏறியது அவர்.
டீசல் கேன் ஹாஜா முகைதீன்.
நான் டார்ச்.

கிடத்தியிருந்தவர் துறைமுக ஐஸ் ஆலையில்
முப்பது வருடம் ஐஸ் உடைத்தவர்.
ஆலையில் மிஞ்சிய அதே ஐஸைச் சுற்றி அடுக்கியிருந்தார்கள்.
தரையெல்லாம் தண்ணீர். மீன்வாடை.
மகள் அஞ்சலாட்சி பாயைச் சுருட்டியபடி சொன்னாள்:
"காலமெல்லாம் நனைஞ்ச ஒடம்பு சார்.
இப்பவாவது ஈரமில்லாம குளிரட்டும்."

மகன் வர இரண்டு நாள்.
அந்த இரண்டு நாளும் இருதயராஜ் அங்கேயே
வலைக்குவியல் மேல் படுத்து,
மூன்று மணிக்கொருமுறை எழுந்து டீசல் ஊற்றினார்.
நான் திரும்பி வந்து
செம்மண்டலத்தில் போர்வையும் பிரெட்டும் கொடுத்தேன்.
அந்தப் படம்தான் பேப்பரில் வந்தது. நடுவில் நான்.
பேனரில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

மாத அறிக்கையில் 'பயனாளிகள்' கட்டத்தில்
ஒன்று என்று எழுதினேன்.
தில்லைநாயகி அடித்துவிட்டுப் பதினொன்று போட்டார்.
"வீட்ல இருந்தவங்களையும் சேர்க்கணும் தலைவரே."

ஒரே ஒரு ராத்திரி அணைத்துவைத்தேன். காய்ச்சல்.
காலையில் ஏழு தவறிய அழைப்புகள், எல்லாம் ஒரே எண்.
திருப்பிக் கூப்பிட்டேன்.
"எடுத்துட்டோம் சார், பரவால்ல"
என்றது ஒரு பையன் குரல்.
எந்த அறிக்கையிலும் அது இல்லை.

நாளை பட்டை பல் டாக்டர் மாதங்கிக்கு.
இன்று மதியம் கடையை மூடிவிட்டு
பெட்டியின் பக்கவாட்டில் என் எண்ணின் மேல்
இரண்டு கோட் வெள்ளை எனாமல் அடித்தேன்.
சரக்கைக் கணக்கில் எழுதவில்லை.
அடியில் முந்தையவர் எண், அதற்கடியில் இன்னொருவர்;
விரலால் தடவினால் மேடு தட்டும்.
மாதங்கியின் எண்ணை நீலத்தில் எழுதி
கடைசி எட்டை முடிக்கும்போது
போன் அடித்தது. தாழங்குடா.
பழைய எண்ணுக்கு, எனக்கு.

"பெயிண்ட் காயல, பக்கவாட்டத் தொடாம தூக்குங்க"
என்று திரும்பினேன்.
இருதயராஜ் ஏற்கெனவே
லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார்.